எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம்?

மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல் பயிலும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு மாணவ மாணவியரே,

தகவல்தொடர்புப் பாடத்தில் வீச்சுப் பண்பேற்றத்தை (ஏ.எம்.) முடித்துவிட்டு, கோணப் பண்பேற்றத்துக்குள் நுழையும் வாரத்தில் உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: எல்லாமே டிஜிட்டல் ஆகிவிட்டதே, இனி அனலாக் எஃப்.எம்., பி.எம். எதற்கு? நியாயமான கேள்விதான். நார்வே 2017-இலேயே தன் தேசிய வானொலிகளை எஃப்.எம்.மிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டது. உங்கள் கேள்விக்கு யாரும் நின்று பதில் சொல்லாததால், அந்த அலகு முழுவதும் ‘வேறுபடுத்துக’ என்ற இரண்டு மதிப்பெண் வினாவாகவும், கார்சன் விதியில் எண்களைப் போட்டு விடை எழுதும் கணக்காகவும் சுருங்கிப்போகிறது. தேர்வு முடிந்த மறுநாளே அது மறந்தும்போகிறது. அந்தப் பதிலைச் சொல்லவே இந்த மடல்.

தகவல்தொடர்பில் ஒன்றைக் கொடுக்காமல் இன்னொன்றை வாங்க முடியாது. பட்டை அகலத்தைக் கொடுத்தால் தெளிவை வாங்கலாம் என்பதைப் பொறியாளர்கள் கண்ணெதிரே முதலில் கண்டது அகலப்பட்டை எஃப்.எம்.மில்தான். இன்று நீங்கள் படிக்கும் டிஜிட்டல் முறைகள் எல்லாம் இதே கொடுக்கல் வாங்கலின் வெவ்வேறு வடிவங்கள். 1948-இல் வெளியான கிளாட் ஷானனின் புகழ்பெற்ற கட்டுரையின் முதல் வரிகளைப் பாருங்கள். பட்டை அகலத்தைக் கொடுத்து சைகை–இரைச்சல் விகிதத்தை வாங்கும் பி.சி.எம்., பி.பி.எம். போன்ற முறைகள் வந்ததால்தான் பொதுக் கோட்பாடு ஒன்றின் மீது ஆர்வம் கூடியது என்று சொல்லித்தான் அவர் தொடங்குகிறார். அந்த வணிகத்தின் முதல் கணக்கேடு உங்கள் பாடப்புத்தகத்தின் கோணப் பண்பேற்ற அலகில் இருக்கிறது.

முதலில் அந்த ‘வேறுபடுத்துக’ வினாவை எடுத்துக்கொள்வோம். ஊர்தி அலையின் வீச்சைத் தொடாமல் அதன் கோணத்தில் செய்தியை ஏற்றுவது கோணப் பண்பேற்றம். செய்தியின் மதிப்புக்கு ஏற்பக் கட்டம் நகர்ந்தால் பி.எம்.; கட்டம் நகரும் வேகம் செய்தியின் மதிப்புக்கு ஏற்ப மாறினால் எஃப்.எம். ஒரு பேருந்து கடந்த தூரத்துக்கும் அதன் வேகத்துக்கும் என்ன உறவோ, அதே உறவுதான் கட்டத்துக்கும் அதிர்வெண்ணுக்கும். ஒன்றை வகையிட்டால் மற்றது கிடைக்கும், தொகையிட்டால் மீண்டும் முதலாவது கிடைக்கும். ஆகவே செய்தியைத் தொகையிட்டு பி.எம். பண்பேற்றியில் கொடுத்தால் வெளியே வருவது எஃப்.எம். வகையிட்டு எஃப்.எம். பண்பேற்றியில் கொடுத்தால் வருவது பி.எம். ஒற்றைச் சைன் அலையால் பண்பேற்றிய சைகையை அலைநோக்கியில் காட்டி, இது எது என்று கேட்டால் உங்கள் பேராசிரியராலும் சொல்ல முடியாது. செய்தியின் வீச்சை அப்படியே வைத்து அதன் அதிர்வெண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தால்தான் தெரியும். பி.எம்.மில் பண்பேற்ற எண் மாறாது, எஃப்.எம்.மில் அது எதிர்விகிதத்தில் குறையும். அட்டவணையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதப்படும் இவை உண்மையில் ஒரே பொருளின் இரு அளவீடுகள்.

இதற்கு இசையுலகில் அழகான சான்று ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-இல் அதிர்வெண் பண்பேற்றத்தால் இசைக்கருவிகளின் ஒலிகளை உருவாக்கும் வழியைக் கண்டறிந்தார். யமஹா நிறுவனம் அதற்கு உரிமம் பெற்று 1983-இல் டி.எக்ஸ்.7 என்ற கீபோர்டை வெளியிட்டது. உலகம் முழுவதும் அதை எஃப்.எம். சிந்தசைசர் என்றே அழைக்கிறார்கள். உள்ளே நடப்பதோ கட்டப் பண்பேற்றம். டிஜிட்டல் சுற்றில் கட்டத்தோடு ஓர் எண்ணைக் கூட்டுவது எளிது. பண்பேற்றும் அலையில் மாறாத (டி.சி.) கூறு சிறிது கலந்தாலும் சுருதி விலகாது, கட்டம் மட்டும் நிலையாகத் தள்ளி நிற்கும். எஃப்.எம். ஆக இருந்தால் சுருதியே நகர்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் உள்ள உறவு புரிந்தவருக்கு எந்த இடத்தில் எதைப் பயன்படுத்தலாம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கிறது. அட்டவணையை மனப்பாடம் செய்தவருக்கு அது கிடைப்பதில்லை.

அடுத்தது கார்சன். தேர்வில் நீங்கள் எழுதும் விதிக்குச் சொந்தக்காரரான ஜான் கார்சன், ஏ.டி.&டி. நிறுவனத்தின் கணித வல்லுநர். ஒற்றைப் பக்கப்பட்டை முறையைக் கண்டறிந்தவரும் அவரே. 1920-களின் தொடக்கத்தில் பலர் ஒரு நம்பிக்கையில் இருந்தார்கள். ஊர்தியின் அதிர்வெண்ணைச் சில ஹெர்ட்ஸ் மட்டும் அசைத்தால் போதும், சைகையும் சில ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடும், ஒரே பட்டையில் ஏராளமான நிலையங்களை நெருக்கி வைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 1922-இல் கார்சன் அதைக் கணிதத்தால் உடைத்தார். எவ்வளவு குறைவாக அசைத்தாலும், செய்தியின் உச்ச அதிர்வெண்ணைப் போல இரு மடங்கு அகலம் தேவைப்பட்டே தீரும் என்று நிறுவினார். அசைவைக் கூட்டினால் அகலமும் கூடும். அதோடு, இம்முறைக்கு ஈடான நன்மை எதுவும் இல்லை என்றும் முடிவுகட்டினார்.

அவருடைய கணிதத்தில் பிழை இல்லை. இன்றும் நாம் அதைத்தான் கற்பிக்கிறோம். ஆனால் எஃப்.எம். இடத்தை மிச்சப்படுத்துமா என்பது மட்டுமே அன்று எல்லோரும் கேட்ட கேள்வி. இடத்தைத் தாராளமாகக் கொடுத்தால் பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டவர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். மாணவராக இருந்தபோதே மீளூட்டச் சுற்றையும், முதல் உலகப்போர்க் காலத்தில் சூப்பர்ஹெட்டரோடைன் ஏற்பியையும் உருவாக்கிய அதே ஆம்ஸ்ட்ராங். வானொலியின் கரகரப்பை ஒழிப்பதே அவரது நெடுநாள் தேடல். ஊர்தியைச் சில ஹெர்ட்ஸ் அசைப்பதை விட்டுவிட்டு, பல ஆயிரம் ஹெர்ட்ஸ் அசைத்தார். ஏற்பியில் வீச்சு வரம்பி ஒன்றை வைத்து, வீச்சில் ஏறிய மாற்றங்களை வெட்டி எறிந்தார். 1933 டிசம்பர் 26 அன்று அவருக்குக் காப்புரிமைகள் கிடைத்தன. 1934-இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து சோதனை ஒலிபரப்பு நடந்தது. 1935 நவம்பர் 5 அன்று நியூயார்க்கில் வானொலிப் பொறியாளர் கழகக் கூட்டத்தில், யாங்கர்ஸ் நகரில் நண்பர் ஒருவரின் அமெச்சூர் நிலையத்திலிருந்து வந்த எஃப்.எம். ஒலிபரப்பைக் கேட்கவைத்தார். கோப்பையில் தண்ணீர் ஊற்றும் ஓசையும் காகிதம் கசங்கும் ஓசையும் பின்னணிக் கரகரப்பே இல்லாமல் அரங்கில் கேட்டன. வானொலியில் அதுவரை யாரும் கேட்டிராத அமைதி அது.

அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்பதை ஒரே ஒரு படத்தால் புரிந்துகொள்ளலாம். அதை நீங்கள் கையால் வரைய வேண்டும் என்பது என் விருப்பம். ஊர்தியை ஒரு நீண்ட அம்பாக, ஒரு பேசராக வரையுங்கள். அதன் நுனியில் இரைச்சலை ஒரு குட்டி அம்பாகச் சேருங்கள். குட்டி அம்பு எந்தத் திசையில் திரும்பினாலும், பெரிய அம்பின் கோணத்தை ஒரு சிறு அளவுக்கு மேல் அதனால் திருப்ப முடியாது. அந்த அளவு இரண்டு அம்புகளின் நீள விகிதத்தைப் பொறுத்தது. செய்தி எவ்வளவு கோணம் திருப்ப வேண்டும் என்பதோ உங்கள் கையில் இருக்கிறது. செய்தி 0.2 ரேடியன் திருப்பினால் இரைச்சல் அதோடு போட்டியிடும். 5 ரேடியன் திருப்பினால் இரைச்சலின் அசைவு அதன் முன் ஒன்றுமில்லாமல் போகும். இரைச்சலைக் குறைக்காமலே அதன் விளைவைக் குறைத்துவிட்டோம். நீங்கள் பக்கம் பக்கமாக எழுதும் இரைச்சல் வருவிப்பின் உயிர் இந்தப் படத்தில் இருக்கிறது. கோணத்தின் அசைவு இரு மடங்கானால் வெளியீட்டுத் திறன் நான்கு மடங்காகிறது. பண்பேற்ற எண் ‘பீட்டா’ சூத்திரத்தில் இருபடியாக வருவது அதனால்தான்.

இனி கணக்கேட்டைத் திறப்போம். எஃப்.எம். ஒலிபரப்பில் உச்ச விலக்கம் 75 கிலோஹெர்ட்ஸ், செய்தியின் உச்ச அதிர்வெண் 15 கிலோஹெர்ட்ஸ். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் பீட்டா 5. கார்சன் விதிப்படி அகலம் இரண்டின் கூட்டுத்தொகையைப் போல இரு மடங்கு, அதாவது 180 கிலோஹெர்ட்ஸ். அதே செய்திக்கு ஏ.எம். கேட்பது 30 கிலோஹெர்ட்ஸ். ஆக, நாம் கொடுக்கும் விலை ஆறு மடங்கு இடம். வாங்குவது என்ன? ஒற்றைச் சைன் செய்திக்கு எஃப்.எம்.மின் தெளிவை அளக்கும் தர எண் பீட்டா இருபடியின் ஒன்றரை மடங்கு, அதாவது 37.5. முழுப் பண்பேற்றம் செய்த ஏ.எம்.முக்கு அது மூன்றில் ஒன்று. பெறப்படும் திறனும் இரைச்சல் அடர்த்தியும் ஒன்றாக இருக்க, ஆறு மடங்கு இடத்தைக் கொடுத்து நூறு மடங்குக்கு மேல், சுமார் 20 டெசிபல் தெளிவை வாங்கியிருக்கிறோம். இதை ஒருமுறை உங்கள் கையால் போட்டுப் பாருங்கள். சூத்திரம் தானாக மனத்தில் தங்கும்.

இந்த வணிகத்துக்கு எல்லையும் உண்டு. அகலத்தைக் கூட்டக் கூட்ட ஏற்பிக்குள் நுழையும் இரைச்சலும் கூடும், குட்டி அம்பு நீளும். சில கணங்களில் அது ஊர்தி அம்பையே மிஞ்சி, கூட்டு அம்பை மையத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்று இழுத்துவிடும். கோணம் 360 டிகிரி தாவுகிறது. காதில் ‘டிக்’ என்ற ஒலி விழுகிறது. ஊர்தி–இரைச்சல் விகிதம் 10 டெசிபலை ஒட்டி இறங்கும்போது இந்த ‘டிக்’குகள் பெருகி, அதற்குக் கீழே ஒலி சட்டென்று சிதைகிறது. இதுவே பயன்தொடக்க விளைவு. ஊரைவிட்டு வெளியே போகும்போது ஏ.எம். நிலையம் மெல்ல மெல்ல மங்குவதும், எஃப்.எம். நிலையம் நன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து திடீரென்று உடைவதும் இதனால்தான்.

ஆம்ஸ்ட்ராங் எஃப்.எம்.மை உருவாக்கிய விதமும் நீங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது. அலையியற்றியின் அதிர்வெண்ணை நேரடியாக அசைத்தால் அது நிலைகொள்ளாது. படிக அலையியற்றி நிலையாக நிற்கும், ஆனால் அசைய மறுக்கும். இதற்கு அவர் எடுத்த வழி பி.எம். பீட்டா மிகச் சிறிதாக இருக்கும்போது கோணப் பண்பேற்றத்தின் நிறமாலை ஏ.எம்.மைப் போலவே ஓர் ஊர்தியும் இரு பக்கப்பட்டைகளும்தான்; ஊர்தி மட்டும் 90 டிகிரி விலகி நிற்கும். எனவே ஒலிச் சைகையைத் தொகையிட்டு, சமநிலைப் பண்பேற்றியில் பக்கப்பட்டைகளை உருவாக்கி, 90 டிகிரி திருப்பிய ஊர்தியோடு சேர்த்தார். பிறகு அதிர்வெண் பெருக்கிகளால் விலக்கத்தைப் பெருக்கினார். பாடநூல்களில் வரும் எடுத்துக்காட்டைப் பின்தொடருங்கள்: 200 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி, ஏறக்குறைய 25 ஹெர்ட்ஸ் விலக்கம். 64 ஆல் பெருக்கினால் ஊர்தி 12.8 மெகாஹெர்ட்ஸ். 10.9 மெகாஹெர்ட்ஸோடு கலந்து 1.9 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் ஊர்தி இறங்கும், விலக்கம் அப்படியே நிற்கும். மீண்டும் 48 ஆல் பெருக்கினால் ஊர்தி 91.2 மெகாஹெர்ட்ஸ், விலக்கம் 75 கிலோஹெர்ட்ஸ். பெருக்கி இரண்டையும் பெருக்கும், கலப்பி ஊர்தியை மட்டும் நகர்த்தும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கட்டப்படத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

அந்த மனிதருக்கு அவர் காலத்தில் நீதி கிடைக்கவில்லை என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அவரது நிலையங்கள் 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் வளர்ந்துகொண்டிருந்தபோது, 1945-இல் அமெரிக்க ஒழுங்காணையம் எஃப்.எம்.மை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியது. மக்கள் வாங்கி வைத்திருந்த எஃப்.எம். பெட்டிகள் பயனற்றுப்போயின. போர்க்காலத்தில் ராணுவத்துக்காகத் தன் காப்புரிமைத் தொகையை விட்டுக்கொடுத்தவர், 1948 முதல் அந்தக் காப்புரிமைகளுக்காக ஆர்.சி.ஏ. என்ற வானொலி நிறுவனத்துடன் நீதிமன்றத்தில் போராடினார். 1954 ஜனவரி இறுதியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வழக்குகளைத் தொடர்ந்து நடத்திய அவர் மனைவி மரியன், கடைசி வழக்கில் 1967-இல் வென்றார். நாம் காரில் ஏறியதும் பொத்தானைத் தட்டிக் கேட்கும் தெளிவான ஒலிக்குப் பின்னால் இப்படி ஒரு வாழ்க்கை இருக்கிறது. பாடத்தில் அவர் பெயரைப் படிக்கும்போது அந்த மரியாதையோடு படியுங்கள்.

எஃப்.எம்.மும் பி.எம்.மும் ஒன்றுக்குள் ஒன்று என்பதற்கு அன்றாடச் சான்று உங்கள் வானொலியிலேயே உண்டு. கட்டத்தில் ஏறும் இரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு. எஃப்.எம். பண்பிறக்கி கட்டத்தை வகையிடுவதால், இரைச்சலின் திறன் அதிர்வெண்ணின் இருபடியாக உயர்கிறது. 1 கிலோஹெர்ட்ஸில் இருப்பதைவிட 10 கிலோஹெர்ட்ஸில் அது நூறு மடங்கு. பேச்சிலும் இசையிலும் உயர் அதிர்வெண் கூறுகள் வலுக்குறைந்தவை என்பதால், சரியாக அங்கேதான் அடி விழுகிறது. இதனால் பரப்பியிலேயே உயர் அதிர்வெண்களைத் தூக்கிவிட்டு, ஏற்பியில் அதே அளவு இறக்குகிறார்கள். முன்மிகைப்பு என்பது இதுதான். அமெரிக்காவில் இதன் நேர மாறிலி 75 மைக்ரோவினாடி. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50. ஐம்பது மைக்ரோவினாடிக்கான திருப்பம் ஏறத்தாழ 3.2 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. அதற்கு மேலே வடிப்பி செய்வது வகையிடுதல். வகையிட்ட செய்தியை எஃப்.எம். செய்தால் என்ன வரும்? மேலே பார்த்தோமே, பி.எம். அப்படியென்றால் நீங்கள் கேட்கும் ‘எஃப்.எம்.’ நிலையம், தாழ்ந்த ஒலிகளை எஃப்.எம்.மாகவும் உயர்ந்த ஒலிகளை பி.எம்.மாகவும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இரண்டின் நன்மையையும் ஒரே அலையில் எடுத்துக்கொண்ட இந்த ஏற்பாட்டைத் தேர்வுத்தாள் கேட்பதில்லை. நீங்களாகவே கண்டு மகிழ வேண்டியதுதான்.

நிலவிலும் இரண்டும் சேர்ந்தே இயங்கின. அப்பல்லோ கலங்களின் குரல் 1.25 மெகாஹெர்ட்ஸ் துணை ஊர்தியில் எஃப்.எம். ஆக ஏறி, அந்தத் துணை ஊர்தி 2.28 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய முதன்மை ஊர்தியில் பி.எம். ஆக ஏறிப் பூமிக்கு வந்தது. கலத்தின் வேகத்தை டாப்ளர் நகர்விலிருந்து அளக்க, சைகையில் ஊர்தியின் எச்சம் தெளிவாக நிற்க வேண்டியிருந்தது. குறைந்த பீட்டாவில் செய்த பி.எம். அதைத் தந்தது. அகலம் அதிகம் கேட்கும் தொலைக்காட்சிப் படத்தை அனுப்பும்போது ஊர்தியை எஃப்.எம்.முக்கு மாற்றினார்கள். எந்த வேலைக்கு எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று தெரிந்தவர்கள் செய்த தேர்வு இது.

இன்றைய நிலைக்கு வருவோம். ஜி.எஸ்.எம். கைப்பேசியின் ஜி.எம்.எஸ்.கே., பண்பேற்ற எண் 0.5 கொண்ட அதிர்வெண் பண்பேற்றம். வீச்சு மாறாததால் கைப்பேசியின் திறன் பெருக்கி சிக்கனமாக இயங்க முடிந்தது. காதில் மாட்டும் புளூடூத் கருவியின் அடிப்படை முறையும் அதே குடும்பம். கார்களில் முன்னால் வரும் வாகனத்தின் தூரத்தை அளக்கும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் தன் அதிர்வெண்ணைச் சீராக ஏற்றி இறக்கி அளக்கிறது. எஃப்.எம். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட இடமும் பாடம் சொல்கிறது. இரண்டு எஃப்.எம். சைகைகள் மோதினால், சற்றே வலுவானது மற்றதை முழுவதுமாக மறைத்துவிடும். விமானி ஒருவரின் அவசர அழைப்பு அப்படி மறைந்துவிடக் கூடாது. விமானக் குரல் தொடர்பு இன்றும் ஏ.எம்.மில் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

ஆய்வகத்தில் எஃப்.எம். சோதனை வரும்போது அலைவடிவத்தைப் படம்பிடித்துக் குறிப்பேட்டில் ஒட்டுவதோடு நிற்காதீர்கள். நிறமாலைப் பகுப்பி இருந்தால், செய்தியின் வீச்சை மெல்ல உயர்த்துங்கள். பீட்டா 2.405-ஐத் தொடும்போது நடுவில் நிற்கும் ஊர்தி மறையும், திறன் முழுவதும் பக்கப்பட்டைகளுக்குப் போயிருக்கும். கோள்களின் இயக்கக் கணக்குக்காக வானியலாளர் பெஸல் ஆராய்ந்த சார்பின் சுழி உங்கள் திரையில் தெரியும். இது வெறும் வேடிக்கை இல்லை. 13.587 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து ஊர்தி இரண்டாம் முறை மறையும்வரை ஏற்றினால், விலக்கம் சரியாக 75 கிலோஹெர்ட்ஸ். பரப்பிகளை அளவுதிருத்த உதவும் துல்லியமான முறை இது.

விலை குறைந்த எஸ்.டி.ஆர். (மென்பொருள்வழி வானொலி) டாங்கிள் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து வாங்குங்கள். உங்கள் ஊர் நிலையம் ஒன்றின் மாதிரிகளைப் பதிவு செய்து, பண்பிறக்கியை நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு மாதிரியின் கோணத்தையும் எடுத்தால் பி.எம். பண்பிறக்கி, அடுத்தடுத்த இரு மாதிரிகளின் கோண வேறுபாட்டை எடுத்தால் எஃப்.எம். பண்பிறக்கி. ஒரே ஒரு கழித்தல்தான் இரண்டுக்கும் இடையில். கிடைத்த சைகையில் 19 கிலோஹெர்ட்ஸில் நிற்கும் ஸ்டீரியோ பைலட்டைத் தேடுங்கள். கேட்பதோடு நில்லுங்கள், உரிமம் இல்லாமல் ஒலிபரப்பாதீர்கள்.

நம் ஊரையும் கவனியுங்கள். அகில இந்திய வானொலி நாட்டிலேயே முதன்முதலாக எஃப்.எம். ஒலிபரப்பைத் தொடங்கியது சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியும் 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில், 90.4 மெகாஹெர்ட்ஸில் பிறந்தது. சென்னையின் நிலையங்கள் 91.1, 91.9, 92.7, 93.5 என்று 0.8 இடைவெளியில் நிற்கின்றன. ஒரு நிலையம் கேட்பது 180 கிலோஹெர்ட்ஸ்தான் என்றால், ஏன் 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி? ஏற்பியின் வடிப்பிகளையும் அடுத்த நிலையத்தின் வலிமையையும் வைத்து வகுப்பில் விவாதியுங்கள். அருகில் சமுதாய வானொலி இருந்தால் அனுமதி பெற்றுப் போய்ப் பரப்பியைப் பாருங்கள்.

இனி எந்தப் பண்பேற்ற முறையைப் படித்தாலும், சூத்திரத்துக்கு முன்னால் ஒரு கேள்வியை எழுதிவையுங்கள்: இது எதைக் கொடுத்து எதை வாங்குகிறது? ஓ.எஃப்.டி.எம். பாடத்திலும், பிழைதிருத்தக் குறியீட்டிலும், நாளை நீங்கள் வடிவமைக்கப்போகும் கருவியிலும் இதே கேள்வி வரும். 1922-இல் சரியாகக் கணக்குப் போட்டவர் கண்ணுக்கு அகப்படாத பதில், வேறு கேள்வி கேட்டவருக்கு அகப்பட்டது. கணிதத்தைக் கார்சனைப் போலப் பிழையறக் கற்றுக்கொள்ளுங்கள்; கேள்வியை ஆம்ஸ்ட்ராங்கைப் போலக் கேளுங்கள். உங்கள் ஆசிரியர்களிடமும் கேளுங்கள். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கும் ஆசிரியர்கள் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள்.

மிகுந்த நம்பிக்கையுடனும் அன்புடனும்,
தகவல்தொடர்பு கற்பிக்கும் ஒருவர்